கொழுப்பிலிருந்து ஒரு மருந்து



லேவியராகமம் 3-ஆம் அதிகாரத்தில் பலியின் கொழுப்பு கர்த்தருக்கென்று பிரித்து வைக்கப்படுகிறது. நம் ஊர்ப் பேச்சிலோ கொழுப்பு என்றால் திமிர்! அந்தக் கொழுப்பில் பல்வகைத் திசுக்களாக மாறவல்ல ஸ்டெம் செல்கள் உண்டென்று 2001-இல் அமெரிக்காவில் பட்ரீசியா ஸுக் குழுவினர் எழுதினார்கள். சர்க்கரை நோயினால் கால் புண் ஆறாதவர்களின் வீட்டார் கடலூரிலும் சிதம்பரத்திலும் இதைப்பற்றி எங்களிடம் விசாரிக்கிறார்கள். நிலத்தை விற்றாவது செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஆகையால் இதைச் சற்றுப் படிப்போம்.

வயிற்றிலிருந்து உறிஞ்சியெடுத்த கொழுப்பை உப்பு நீரில் கழுவி, கொலாஜனேஸ் என்னும் நொதியை ஊற்றி, 37 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். திசு கரைந்து பிரிகிறது. பிறகு, தயிர் கடைந்தால் வெண்ணெய் மேலே திரளுவதுபோல, சுழலும் இயந்திரத்தில் கொழுப்பணுக்கள் மேலே மிதக்க, வேண்டிய செல்கள் அடியில் தங்குகின்றன. அவற்றை வளர்த்துப் பெருக்கி ஜெல்லில் கலக்கிறார்கள். வெறும் செல்களைப் புண்ணில் விட்டால் கசியும் நீரோடு போய்விடும். ஜெல் அவற்றைப் பந்தல்போல் தாங்குகிறது. அச்செல்களில் பெரும்பாலானவை தாமே தோலாவதில்லை. புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கும் பொருட்களைச் சுரப்பதே அவற்றின் முக்கிய ஊழியம்.

ஜெல்லுக்குக் கொலாஜன் புரதமும் பயன்படும். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கொலாஜனிலிருந்து தீப்புண்ணுக்குப் போர்வை செய்திருக்கிறது. செருப்புக்கான தோலை ஆராய்ந்தவர்கள் தோலிழந்தவனுக்கும் உதவினார்கள்!

ஆனால் 1946-இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்டு குஷ்டரோகிகளிடம் கண்டது இன்றும் மாறவில்லை. உணர்வற்ற பாதத்தைப் புண்ணாக்குவது பெரும்பாலும் தொடர்ந்த அழுத்தமே. மாவுக்கட்டினால் அழுத்தத்தை நீக்கியபோது பழைய புண்களும் ஆறின. சர்க்கரை நோயாளியின் மரத்த பாதத்துக்கும் இது பொருந்தும். விலையுயர்ந்த ஜெல்லை வைத்துவிட்டு அதே காலை ஊன்றி வயலுக்கு நடந்தால் செல்கள் என்ன செய்யும்? சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல், கிருமியை அகற்றுதல், இரத்த ஓட்டத்தைச் சோதித்தல், பாதத்துக்கு ஓய்வு ஆகியவையே முதலில் வேண்டும். உங்கள் காணிக்கை மாவுக்கட்டுக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்புக்கும் செலவாவதை நாங்கள் குறைவாக எண்ணுவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, புண்ணுக்கு ஸ்டெம் செல் கொடுப்பது அங்கீகரிக்கப்பட்ட ஆய்வில் மாத்திரமே. ஆய்வுச் செலவை நோயாளியிடம் வாங்கலாகாது. யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அவர்களுடைய பதிவு எண் என்னவென்று கேளுங்கள். எண் தராவிட்டால் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம்.