கடல்கடந்த ஊதியமும் பெருநகரச் செலவும்

(தமிழாசிரியர், தெஹியோவிட்ட)

பொருள் தேடும்பொருட்டுத் தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்குப் ‘பொருள்வயிற் பிரிவு’ எனப் பெயரிட்டு, அதனைப் பாலைத்திணையின்பாற் படுத்து இலக்கணம் வகுத்தனர் நம் முன்னோர். அப்பகுதியை வகுப்பிலே நடத்தும்போதெல்லாம் மாணாக்கருள் இருவர் மூவரேனும் தலைகுனிந்து கொள்வதை யான் கண்டிருக்கின்றேன். அவர்தம் தாயோ தந்தையோ தமையனோ கடல்கடந்த ஊரில் உழைப்பவராயிருப்பர். பாலைப் பாட்டுக்கள் தலைவன் செல்லும் வழியின் வெம்மையைக் கூறும். சென்று சேர்ந்த ஊரிலே அவன் எவ்வளவு ஈட்டினான், எவ்வளவு செலவிட்டான், எவ்வளவு மிச்சம் பிடித்தான் என்னும் கணக்கை அவை கூறா. அக்கணக்கையே ஒரு பாடமாக ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

மழையினாற் பால்வெட்டு நின்றுபோன ஒரு காலையில், இறப்பர்த் தோட்டத்திலிருந்து தாயொருத்தி என்னைத் தேடி வந்தாள். அவள் மகன் என்னிடம் படித்தவன். “வாத்தியாரய்யா, பெரியவனுக்குச் சிங்கப்பூர்ல வேலை வந்திருக்குங்க. மாசம் எண்ணூறு டொலராம். நம்ம காசுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் வருதுங்களாம்” என்றாள். உடன்வந்த அவள் தம்பி, “உலகத்துலயே செலவு கூடின ஊருல ரெண்டாவது ஊராம் அக்கா அது, பேப்பர்ல போட்டிருக்கான்” என்று தடுத்தார். இருவர் சொன்னதும் பொய்யன்று. ஆயினும் அவ்விரண்டில் எதனைக் கொண்டும் அம்மகன் போகலாமா, வேண்டாமா என்று துணிய இயலாது. ஏன் இயலாது என்பதை ஆராய்வோம்.

1. யாருடைய கூடை?

மெர்சர் என்னும் நிறுவனம் உலகின் இருநூற்றுக்கு மேற்பட்ட நகரங்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிட்டு வரிசைப்படுத்துகின்றது. 2024ஆம் ஆண்டு வரிசையில் ஹொங்கொங் முதலிடமும் சிங்கப்பூர் இரண்டாமிடமும் பெற்றன. அவ்வொப்பீட்டுக்கு நியூயோர்க் நகரே அளவுகோல். வீட்டு வாடகை, உணவு, உடை, போக்குவரத்து, பொழுதுபோக்கு முதலிய இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்களையும் சேவைகளையும் ஒரு கூடையில் இட்டதுபோல் தொகுத்து விலை காண்பர்.

அக்கூடை யாருக்குரியது என்பதே முதல் வினா. பெரிய கம்பனிகள் தம் உத்தியோகத்தரை அயல்நாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு மேற்படி கொடுத்தல் தகும் என்று அறியவே அக்கணக்கு எழுந்தது. தன் நாட்டில் வாழ்ந்த வாழ்வைக் குறைவின்றி அயல்நாட்டிலும் வாழவேண்டும் என்று கருதும் ஒருவரின் கூடை அது. கட்டட வேலைக்குச் செல்லும் தெஹியோவிட்டப் பிள்ளையின் கூடையன்று.

சிங்கப்பூரிலே மோட்டார் வண்டி வாங்குவோர் அவ்வுரிமைக்கான சான்றிதழை முதலில் ஏலத்திற் பெறல்வேண்டும். 1990இல் தொடங்கிய இம்முறையில் அச்சான்றிதழ் பத்தாண்டுகளே செல்லும். 2023இல் சிலவகை வண்டிகளுக்கு அதன் விலை மட்டும் ஒரு இலட்சம் சிங்கப்பூர் டொலரைக் கடந்தது. வண்டி வாங்க நினைப்பவனுக்கு அது கொடிய நகர். பேருந்திலும் விரைவு இரயிலிலும் செல்பவனுக்கோ அச்சான்றிதழின் விலையால் யாதொரு கேடுமில்லை.

2. ஒரு நகர், மூவகை வாழ்க்கை

அந்நகருக்கு உழைக்கச் செல்வோரை மூவகையினராகக் கொள்ளலாம்.

முதலாமவர் கம்பனி அனுப்பும் பெரிய உத்தியோகத்தர். வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் பலருக்குக் கம்பனியே ஏற்கும். நகர் எவ்வளவு விலையேறினும் அச்சுமை பெரும்பாலும் அவர்தம் தோளில் விழுவதில்லை.

இரண்டாமவர் படித்துப் பட்டம் பெற்றுத் தாமே வேலை தேடிச் செல்லும் இளைஞர். நம் கல்லூரி மாணவர் பலர் இவ்வகையினரே. அந்நகரின் குடிகளுள் ஏறக்குறைய ஐந்தில் நால்வர், 1960இல் நிறுவப்பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். அக்கழகத்தின் புதுவீட்டை அயல்நாட்டவர் வாங்க இயலாது. சந்தை வாடகைக்கே குடியிருத்தல் வேண்டும். ஆகவே அயலில் வாழும் குடிமகனுக்கு இல்லாத பெருஞ்செலவு இவருக்குண்டு. ஊதியம் பெரிதாயினும் வாடகையே அதனிற் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

மூன்றாமவர் வேலை அனுமதிச்சீட்டுடன் கட்டடத் தொழிலுக்கும் கப்பற் பட்டறைக்கும் செல்வோர். இவருக்குத் தங்குமிடம் அளித்தல் முதலாளியின் கடமை. அரசுக்குச் செலுத்தும் அயல்நாட்டுத் தொழிலாளர் வரியையும் முதலாளியே ஏற்றல் வேண்டும். கூலியிற் கழித்தல் சட்டவிரோதம். எனவே வாடகைச் சுமை இவருக்கில்லை. ஆயினும் பலர் ஓர் அறையிற் கூடியிருப்பதும், மொத்தமாய்ச் சமைத்து வரும் சோற்றை மாதக் கட்டணத்துக்கு வாங்கியுண்பதும் இவர் வாழ்வு. 2020இல் கொரோனா நோய் அவ்விடுதிகளிற் பரவியபோதே, அந்நெருக்கத்தின் கொடுமையை உலகம் கண்டது. செலவு குறைவாயிருப்பதற்குக் காரணம் நகர் மலிவாயிருப்பதன்று. இவர் தம் வாழ்வைச் சுருக்கிக்கொள்வதே.

ஆகவே, ‘சிங்கப்பூர் செலவு கூடிய ஊரா?’ என்று வினாவுதல் பொருந்தாது. ‘எவ்வகை வாழ்வுக்கு?’ என்று வினாவுதலே பொருந்தும்.

3. பணவூதியமும் மெய்யூதியமும்

கையில் வாங்கும் தொகை பணவூதியம். அத்தொகையால் வாங்கத்தக்க பொருள்களின் அளவு மெய்யூதியம். இவ்வேறுபாட்டை வரலாறு நமக்குக் கடுமையாகவே கற்பித்திருக்கின்றது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திலே ஆங்கிலங் கற்ற இளைஞர் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று இரயில்வே முதலிய பகுதிகளில் எழுதுவினைஞராய் அமர்ந்தனர். அவர் அனுப்பிய பணம் ஊரிலே வீடும் கோயிலும் பள்ளியுமாய் உருப்பெற்றது. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டது. வாழைமரப் படத்துடன் அவர் அச்சிட்ட நோட்டுக்கள், 1945இல் போர் முடிந்ததும் வெறுங் கடதாசியாயின. நோட்டைக் கட்டுக்கட்டாய் வைத்திருந்தவனும் ஒரே நாளில் வறியவனானான்.

நம் காலத்திலும் 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 150 ரூபாவாயிருந்த சிங்கப்பூர் டொலர் சில மாதங்களுக்குள் 250 ரூபாவைக் கடந்தது. வெளிநாட்டுப் பணம் பெற்ற வீடுகளில் வருமானம் பெருகிவிட்டதாகத் தோன்றிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நகரப் பணவீக்கம் நூற்றுக்கு எழுபது அளவை எட்டியது. பெருகிய ரூபாவின் பெரும்பங்கை மாவும் அரிசியும் மருந்தும் கொண்டுபோயின. ரூபாவாக மாற்றிப் பார்க்கும் தொகை கண்ணை மயக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

4. ஒரு மாதிரிக் கணக்கு

அத்தாயின் முன்னிலையில் யான் எழுதிக் காட்டிய கணக்கு இது. ஊதியமொழிந்த ஏனைய தொகைகள் விளக்கத்துக்காகக் கொண்டவை. அவரவர் தத்தம் தொகைகளை இட்டுக்கொள்க. ஒரு டொலர் 225 ரூபா எனக் கொண்டோம்.

மாத ஊதியம்: 800 டொலர்
உணவு: 200 டொலர்
தொலைபேசி, பயணம், சவர்க்காரம், மருந்து, பிற: 100 டொலர்
மிச்சம்: 500 டொலர், அஃதாவது 112,500 ரூபா

இனி, போவதற்காக 600,000 ரூபாவை நூற்றுக்கு 3 மாதவட்டியிற் கடன்பட்டதாகக் கொள்வோம். முதல் மாத வட்டி 18,000. இரண்டாண்டில் முதலைத் தீர்க்க மாதம் 25,000. இவை போக முதல் மாதத்தில் வீட்டுக்கு எஞ்சுவது 69,500 ரூபா. முதல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்பது உண்மையே; ஆயினும் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் என்று கண்ட கனவில் பாதிதானும் முதல் மாதத்தில் தேறவில்லை.

இதனால் போகவேண்டா என்பது பெறப்படுமா? பெறப்படாது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதன்படி இருபத்தைந்து நாள் பேர் விழுந்தாலும் 33,750 ரூபாவே. அதனோடு ஒப்பிட 69,500 பெரிதே. ஆனால் ஆறாவது தவணை கட்டியவுடன் வேலை போயிற்றாயின் 450,000 ரூபா கடன் எஞ்சி நிற்கும். இவ்விடத்திலே அத்தாய் என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, அத்தொகையைச் சுற்றி ஒரு வட்டமிட்டாள். எழுதப் படிக்க அறியாதவள் அவள். ஆயினும் கணக்கின் நடுப்புள்ளியை அவளே கண்டாள்.

5. மீண்டும் ஒரு துண்டா?

அவள் கண்டதில் வியப்பில்லை. நம் பாட்டன்மார் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடலைக் கடந்து இத்தோட்டங்களுக்கு வந்தவர். அவர் கடன் இன்னதென எழுதிய ‘துண்டு’ அவருடன் தோட்டந்தோறும் சென்றது. அக்கடனைக் கட்டி எடுப்பவர் இருந்தாலன்றி வேறு தோட்டத்திற் பேர் பதிய இயலாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. நூறாண்டு கழிந்த பின்னர், அப்பேரரின் பிள்ளைகள் தரகரிடம் கடன்பட்டுக் கடல்கடப்பின், துண்டு வேறு பெயருடன் திரும்பி வந்ததாகவே முடியும். செலவு கூடிய நகரினும் கொடியது, புறப்படுமுன்னே தலையிலேறிய கடன்.

அதனைத் தவிர்க்கும் வழிகள் சில உள. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவு செய்க. அனுமதிப்பத்திரம் பெற்ற முகவரையே நாடுக. சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வழங்கும் முன்னனுமதிக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், படிகள், கழிவுகள் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். அதனைக் கண்ணாற் காணாமற் பணங் கொடாதொழிக. மாதந்தோறும் சம்பள விவரச் சீட்டைக் கேட்டுப் பெறுக. 2016 முதல் அதனை வழங்கல் அங்குள்ள முதலாளிமாரின் சட்டக் கடமையாகும்.

அம்மகன் அம்மாதத்திற் புறப்படவில்லை. அக்கடிதத்தைக் கேட்டவுடன் அத்தரகர் வருவதை நிறுத்திக்கொண்டார். எட்டு மாதங் கழித்துப் பதிவுபெற்ற வேறொருவர் வழியாக, முன்னைய தொகையின் மூன்றிலொரு பங்குக் கடனுடன் சென்றான். முதன்மாதம் அவன் அனுப்பியது பணம் மட்டுமன்று. உண்டதும் உடுத்ததும் தொலைபேசிக்குக் கொடுத்ததும் எழுதிய ஒரு தாளும் அதனுடன் வந்தது. அன்றுமுதல் அவ்வீட்டார் திருவிழாவுக்கும் சடங்குக்கும் ‘இன்னும் அனுப்பு’ என்று கேட்பதில்லை என்றாள் அத்தாய். பிள்ளையின் செலவை அறியாத வீடே அவனை மேலும் கடன்படச் செய்கின்றது.

வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வருவாயையும் செலவையும் ஒருங்கு வைத்து நோக்கினார் வள்ளுவர். நாமும் அவ்வாறே நோக்குதல் வேண்டும். இம்மலரைக் கடல்கடந்த பெருநகரங்களிலிருந்து படிக்கும் பழைய மாணவ அன்பர்காள்! கல்லூரிக்கு நன்கொடை அனுப்புகின்றீர், அதற்கு நன்றி. அதனுடன் உம் ஒரு மாத வரவுசெலவுக் கணக்கையும், பெயரின்றியேனும், அனுப்புக. நாளை புறப்படவிருக்கும் உம் தம்பியர்க்கு அஃது ஒரு பாடநூலாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பணவூதியம், மெய்யூதியம் இவற்றின் வேறுபாட்டை உம் வீட்டு அனுபவங் கொண்டு விளக்குக.
2. மேற்காட்டிய மாதிரிக் கணக்கில் கடன் 200,000 ரூபாவாயின், அதே வட்டியிலும் தவணைக் காலத்திலும் முதல் மாதம் வீட்டுக்கு எஞ்சுவது யாது?
3. வெளிநாட்டில் உழைக்கும் உம் உறவினர் ஒருவருக்கு, பணங் கேளாது, செலவு விவரம் மட்டும் கேட்டு ஒரு கடிதம் வரைக.