பால்மரத்திலும் நம் உடலிலும் சர்க்கரையும் கொழுப்பும்

லுக்குட், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை வளர்ந்துள்ளது. எனினும், பால்வெட்டுத் தொழிலை நன்கறிந்த குடும்பங்கள் இங்கு ஏராளம். விடியற்காலையில் வெட்டுக்கத்தியைப் பிடிக்கும் கைக்கு வலிமை தருவது உண்ட சோறு. வெட்டிய பட்டையிலிருந்து பாலாய் வடிவதும் முன்பு சர்க்கரையாய் இருந்ததே. மரமும் மனிதனும் உயிர் வாழ்வதற்குத் துணைபுரியும் மாவுப்பொருள், கொழுப்புப்பொருள் ஆகியவற்றின் அமைப்பையும் பணியையும் அறிந்துகொள்வது, தொழிலுக்கும் உடல்நலத்துக்கும் பயன் தரும்.

சர்க்கரையின் அமைப்பு

இலையானது காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் கொணரும் நீரையும் கதிரவன் ஒளியின் துணையால் சர்க்கரையாக்குகிறது. அதன் எளிய வடிவம் குளுக்கோஸ் எனப்படும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றில் 6 கரி அணுக்களும், 12 ஹைட்ரஜன் அணுக்களும், 6 ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. இம்மூலக்கூறுகள் மணிகளைப்போல் சரமாகக் கோக்கப்படும்போது மாவுச்சத்து உண்டாகிறது. அரிசியிலும் மரவள்ளிக் கிழங்கிலும் இருப்பது இதுவே. அதே மணிகள் வேறு விதமாகப் பிணைந்தால் மரத்துக்கு உறுதி தரும் செல்லுலோஸ் ஆகின்றது. மாவுச்சத்தை நம் குடல் செரிக்கும். செல்லுலோசைச் செரிக்க இயலாது.

கொழுப்பின் அமைப்பு

கிளிசரால் என்னும் சிறு மூலக்கூற்றுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது கொழுப்பு. தேங்காயெண்ணெயும் செம்பனை எண்ணெயும் இவ்வகையினவே. ஒரு கிராம் மாவுச்சத்து ஏறக்குறைய 4 கலோரி ஆற்றல் தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஆகவேதான் விதைகளும் விலங்குகளும் நெடுநாளைய சேமிப்பைக் கொழுப்பாக வைத்துக்கொள்கின்றன. பாஸ்போ லிப்பிட் என்னும் மற்றொரு வகையில் கொழுப்பு அமிலங்கள் இரண்டே உள்ளன. அதன் ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை நீரை விலக்கும். உயிரணு ஒவ்வொன்றையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு இப்பொருளின் இரட்டை அடுக்கினால் ஆனது.

பாலின் பிறப்பு

இலையில் விளைந்த சர்க்கரை உட்பட்டை வழியே இறங்கிப் பால்குழாய்களை அடைகிறது. அங்கே அது படிப்படியாக மாறி, ஐசோபிரீன் என்னும் சிற்றலகாகி, அவ்வலகுகள் ஆயிரக்கணக்கில் தொடர்ந்து ரப்பர் ஆகின்றது. நம் கல்லீரல் கொலஸ்டிரால் செய்வதும் இவ்வழியின் முற்படிகளைக் கொண்டேயாகும். ஆதலின் ரப்பரைக் கொழுப்பின் உறவுப்பொருள் எனலாம். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள் ஒவ்வொன்றையும் பாஸ்போ லிப்பிட்டும் புரதமும் போர்த்தியிருப்பதால், அது உடனே உறைவதில்லை.

இதனால் தொழிலில் விளங்குவன மூன்று. இலையுதிர் காலத்தில் சர்க்கரை வரத்துக் குறைவதால் பாலும் குறைகிறது. அளவுக்கு மீறி வெட்டினால், பால்குழாய்கள் இழந்ததை ஈடுசெய்ய அவகாசமின்றிப் பட்டை வறண்டுபோகக்கூடும். மங்கு அழுக்காயிருந்தால், கிருமிகள் பாலிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலம் உண்டாக்கிப் பாலை முன்னதாகவே உறையச் செய்துவிடும். எனவே மங்கைத் துடைத்து வைப்பது பாலைக் காப்பதாகும்.

உடலில் நிகழ்வது

உண்ட மாவுச்சத்து குளுக்கோசாகி இரத்தத்தில் கலக்கிறது. உடனடித் தேவைக்கு மிஞ்சியது கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்கிறது. அதற்கும் மிஞ்சியது கொழுப்பாகிறது. குளுக்கோஸ் எரிந்து ஆற்றலாவதற்கு வைட்டமின் பி1 தேவை. இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன், தீட்டிய வெள்ளையரிசி உண்டோரை வாட்டிய பெரிபெரி நோய் புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அவ்வளவாகத் தாக்கவில்லை என்பதை 1907இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அன்றைய அச்சம் பெரிபெரி; இன்றைய அச்சம் இனிப்புநீர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பது தெரிந்தது. 2023இல் அது 15.6 விழுக்காடு. அதாவது, இன்றும் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர். கட்டுப்படுத்தப்படாத இனிப்புநீர் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், கால்களையும் பறிக்கும்.

மேடு பள்ளம் ஏறி மரம் வெட்டிய காலத்தில் உண்ட சோற்றின் அளவை, ஓய்வு பெற்ற பின்னும் குறைக்காமல் இருப்பது தீங்கு. தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரை, காய், பருப்பு, மீன் ஆகியவற்றைக் கூட்டுவோம். தேநீரில் சீனியையும் இனிப்புக் கெட்டிப்பாலையும் சுருக்குவோம். எண்ணெயை அளந்து ஊற்றுவோம். ஆண்டுக்கொரு முறையேனும் அரசாங்க மருந்தகத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வோம். மரத்தின் பட்டையைப் பார்த்து அதன் நலத்தைச் சொல்லத் தெரிந்த நாம், நம் உடலின் நலத்தையும் காலத்தே அறிந்து காப்போமாக.