பழைய ஏட்டில் உறங்கும் பொறுப்பு

நுழையும்முன்

ஆலை மூடப்பட்ட பின்னும் அது மண்ணில் சிந்திய நஞ்சு அங்கேயே தங்கிவிடுகிறது. அம்மண்ணைத் தூய்மை செய்யும் செலவை ஏற்க வேண்டியவர் யார்? அமெரிக்காவில் இவ்வினாவிற்குரிய விடைகளுள் ஒன்று, மறக்கப்பட்ட காப்பீட்டுப் பத்திரங்களில் கிடைத்தது. அவ்விடை நம் மலையடிவாரத்திற்குப் பொருந்துமா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மலைமேல் ஓர் ஆலை

பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவிக்கு நீர் தருவது, கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கிவரும் பாம்பாறு. அந்நீர் தேனி மாவட்ட நிலங்களைக் கடந்து வைகைப் படுகையைச் சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கை நனைத்துவரும் முல்லையாறும் தேனிக்கு அருகே அதே வைகையோடு கலக்கிறது. மலைமேல் நிகழ்வது அடிவாரத்தையும் தொடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அம்மலையில், பாம்பாற்றுச் சோலைக்கு மேலுள்ள மேட்டில், 1983ஆம் ஆண்டு பாதரச வெப்பமானி ஆலை ஒன்று நிறுவப்பட்டது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலை அது. பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவுகள் கொடைக்கானலிலுள்ள பழைய பொருள் கடை ஒன்றில் குவிந்துகிடந்தது வெளிப்பட்டது. மக்கள் திரண்டனர், ஆலை மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டு ஏறத்தாழ 290 டன் கழிவு, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவிற்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016ஆம் ஆண்டு உடன்பாடு ஏற்பட்டது.

கழிவைக் கப்பலேற்றிவிடலாம், மண்ணை அவ்வாறு அனுப்ப இயலாது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று தூய்மைப் பணிக்கு அளவு குறிக்கப்பட்டது. சோலைக்காட்டின் விளிம்பில் இவ்வளவும் மிகுதியே என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வாதிட்டனர். அளவு கடுமையாகும்தோறும் செலவு உயரும் என்பதால், எவ்வளவு தூய்மை என்னும் வினாவும் யாருடைய பணம் என்னும் வினாவும் பிரிக்க இயலாதவை.

பத்திரம் தேடும் படலம்

அமெரிக்காவின் நயாகரா அருவி நகரில் லவ் கால்வாய் என்றோர் இடம் உண்டு. ஒரு வேதிப்பொருள் நிறுவனம் தன் கழிவுகளை அங்கே புதைத்து, 1953ஆம் ஆண்டு அந்நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் விற்றது. பள்ளியும் குடியிருப்புகளும் எழுந்தன. 1978ஆம் ஆண்டு அங்கு நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், பழைய மாசிற்கும் அதனை உண்டாக்கியவரையே பொறுப்பாக்கும் சட்டம் வந்தது.

பெருஞ்செலவை எதிர்கொண்ட நிறுவனங்கள் தம் பழைய பொறுப்புக் காப்பீட்டுப் பத்திரங்களை நினைத்துக்கொண்டன. அக்காலப் பத்திரங்களில் பல, கேடு எப்போது கண்டறியப்பட்டது என்பதை நோக்குவதில்லை. எப்போது நிகழ்ந்தது என்பதையே நோக்கும். 1970ஆம் ஆண்டு ஒரு தொட்டி கசிந்து அயலாரின் கிணற்றைக் கெடுத்திருந்தால், அது 1985ஆம் ஆண்டு தெரியவந்தாலும் 1970ஆம் ஆண்டுப் பத்திரமே அதற்கு விடை சொல்லவேண்டும். பிரீமியம் செலுத்துவது நின்று பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். கொடுத்த வாக்கு நிற்கவில்லை.

ஆனால், பத்திரம் எங்கே? அதைத் தேடித்தருவதே ஒரு தொழிலாக வளர்ந்தது. அதற்குக் 'காப்பீட்டுத் தொல்லியல்' என்று பெயரும் அமைந்தது. வைகைக் கரையின் கீழடியில் பானை ஓடுகளைத் தேடுவதுபோல், இவர்கள் பழைய கணக்கேடுகள், காசோலை அடிக்கட்டைகள், கூட்டக் குறிப்புகள், முகவர்களின் கோப்புகள் ஆகியவற்றைத் துருவினர். மூலப்பத்திரம் அழிந்திருந்தாலும், அது இருந்தது என்பதையும் அதன் வரையறைகளையும் இத்தகைய சான்றுகளால் மெய்ப்பிக்க முடிந்தது.

ஒரு சொல்லின் பொருள்

காப்பீட்டு நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. 1973ஆம் ஆண்டு முதல், 'திடீரென்றும் தற்செயலாகவும்' நேர்ந்த மாசிற்கே பணம் தரப்படும் என்னும் விதியைப் பொதுப் பத்திரங்களில் சேர்த்தன. திடீர் என்பது நொடிப்பொழுதில் நிகழ்வதா, எதிர்பாராமல் நிகழ்வதா? முதற்பொருளைக் கொண்டால் ஆண்டுக்கணக்கில் கசிந்த நஞ்சு விலக்கப்படும். இரண்டாம் பொருளைக் கொண்டால் அதுவும் அடங்கும். ஒரே சொல்லுக்கு வெவ்வேறு மாநில நீதிமன்றங்கள் வெவ்வேறு பொருள் கண்டன. கோடிக்கணக்கான பணம் அகராதிப் பொருளொன்றில் தொங்கிய வழக்குகள் இவை. 1986ஆம் ஆண்டு முதல் பொதுப் பத்திரங்களில் மாசு ஏறக்குறைய முழுமையாகவே விலக்கப்பட்டது. அதனால்தான் அதற்கு முந்தைய தாள்களுக்கு இத்துணை மதிப்பு.

இந்தியாவின் நிலை

1984ஆம் ஆண்டின் போபால் பேரழிவிற்குப் பின், 1991ஆம் ஆண்டு பொதுமக்கள் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. தீங்கான பொருள்களைக் கையாளும் ஆலைகள் காப்பீடு பெறுவது கட்டாயமாயிற்று. எனினும், அச்சட்டம் விபத்தில் சிக்கியவருக்கு உடனடி நிவாரணம் வழங்குவதை முதன்மை நோக்கமாகக் கொண்டது. உயிரிழப்பிற்கு அது முதலில் குறித்த தொகை 25,000 ரூபாய். விபத்து நிகழ்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். கொடைக்கானல் ஆலை தொடங்கியதற்கும் கழிவு வெளிப்பட்டதற்கும் இடையே கடந்தவை பதினெட்டு ஆண்டுகள் என்பது இங்கு எண்ணத்தக்கது. மெல்லப் பரவும் மாசிற்கு இக்கால எல்லை மிகக் குறுகியது.

> தெரிந்து தெளிவோம்
> பாலாற்றுப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் கொள்கையை உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு வலியுறுத்தியது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குவதோடு, கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்பதும் இதில் அடங்கும்.

ஆகவே, இங்குச் சுமை காப்பீட்டாளரை நாடாமல் நேரே மாசுபடுத்தியவரைச் சேர்கிறது. கொடைக்கானலில் தூய்மைப் பணியை நிறுவனமே, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வையில் மேற்கொள்ள நேர்ந்தது. பெருநிறுவனம் என்பதால் செலவைக் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். உரிமையாளர் மறைந்து, பதிவேடுகளும் கரையானுக்கு இரையான சிற்றாலையின் நிலத்தில் நிலைமை வேறு. மாசுபட்ட இடங்களுக்கென 2025ஆம் ஆண்டு மைய அரசு வகுத்த விதிகள், பொறுப்பாளரைக் கண்டறிந்து செலவைப் பெற வழிசெய்கின்றன. பொறுப்பாளர் எவரும் கிட்டாத இடத்தில் அச்செலவு அரசின் மேல், அதாவது வரி செலுத்தும் மக்கள் மேல் விழுகிறது.