தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

ஆறாம் வகுப்பில், "எந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "தெளிவா இருக்கிற தண்ணி, டீச்சர்" என்ற விடைதான் முதலில் வரும். பத்தாம் வகுப்பில் கேட்டாலும் பெரும்பாலும் இதே விடைதான். இடைப்பட்ட ஆண்டுகளில் வடிகட்டுதல், தெளிய வைத்து இறுத்தல், கூழ்மங்கள், நுண்ணுயிரிகள் எல்லாவற்றையும் மாணவர்கள் படித்திருப்பார்கள். படித்தவை தனித்தனிப் பாடங்களாகவே மனத்தில் நின்றுவிடுகின்றன. மழைக்காலத்தில் குழாயில் செந்நிறமாக நீர் வரும்போது, அந்தப் பாடங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்க யாரும் கற்றுத்தரவில்லை.

கலங்கிய நீரைத் தெளியவைப்பது என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, ஆறாம் வகுப்பு முதல் மேல்நிலை வகுப்பு வரை அவரவர் நிலைக்கு ஏற்ப நடத்தக்கூடிய செயல்பாடுகளை இங்கே தொகுத்திருக்கிறேன். செலவு மிகக் குறைவு. வயல் மண், படிகாரம், கண்ணாடிக் குவளைகள், ஊசி நீக்கிய சிரிஞ்சு, பழைய தண்ணீர் பாட்டில் ஆகியவை போதும்.

கலங்கல் என்றால் என்ன?

நீரில் கரையாமல் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் நீர் கலங்கலாகத் தெரிகிறது. களிமண், அழுகிய இலைத்தூள், பாசி, நுண்ணுயிரிகள் ஆகியவை இத்துகள்களில் அடங்கும். கலங்கலை அளக்கும் அலகு என்.டி.யூ. இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500 : 2012) ஏற்கத்தக்க அளவாக 1 என்.டி.யூ.வையும், வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கத்தக்க உச்ச அளவாக 5 என்.டி.யூ.வையும் குறிப்பிடுகிறது.

அளவீட்டுக் கருவி நம்மிடம் இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு வழி உண்டு. வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் பெருக்கல் குறி ஒன்று போடுங்கள். அதன்மேல் உயரமான, அடிப்பக்கம் தட்டையான கண்ணாடிக் குவளையை வையுங்கள். மேலிருந்து பார்த்துக்கொண்டே கலங்கிய நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். குறி கண்ணுக்கு மறையும் நொடியில் நிறுத்தி, நீரின் உயரத்தை அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். உயரம் குறைந்தால் கலங்கல் மிகுதி என்று பொருள். "ரொம்பக் கலங்கல்", "கொஞ்சம் கலங்கல்" என்று பேசிய மாணவர்கள் இப்போது "நாலு சென்டிமீட்டர்", "ஒன்பது சென்டிமீட்டர்" என்று பேசத் தொடங்குவார்கள். அறிவியல் வகுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

செயல்பாடு 1: எது முதலில் படியும்?

ஒரு குவளையில் ஆற்று மணலையும் மற்றொன்றில் களிமண்ணையும் நீரில் கலக்கி வையுங்கள். மணல் நிமிடங்களில் படிந்துவிடும். களிமண் நீர் மறுநாளும் மங்கலாகவே இருக்கும்.

இதற்குத் துகளின் அளவு முதல் காரணம். நீரில் மூழ்கும் சிறு துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விட்டம் நூறில் ஒரு பங்கானால் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். 0.1 மி.மீ. விட்டமுள்ள மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். 0.001 மி.மீ. விட்டமுள்ள களிமண் துகளுக்கு, நீர் சிறிதும் அசையாமல் இருந்தாலும், ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். கணித ஆசிரியர் இதை விகிதக் கணக்காக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் மின்சுமை. களிமண் துகள்களின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்டது. ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்குவதால் துகள்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாக முடிவதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு இந்த இடத்தில் டிண்டால் விளைவைக் காட்டலாம். அட்டையில் சிறு துளையிட்டு, கைப்பேசி விளக்கின் ஒளியை அதன் வழியே குவளைக்குள் செலுத்தினால் ஒளியின் பாதை தெரியும்.

செயல்பாடு 2: படிகாரம் எவ்வளவு போட வேண்டும்?

குடத்து நீரில் படிகாரக் கட்டியை நான்கு சுற்றுச் சுற்றி எடுப்பது நம் வீடுகளில் பழக்கமானதுதான். "எத்தனை சுற்று?" என்ற கேள்வியை அளவீடாக மாற்றுவதே இச்செயல்பாட்டின் நோக்கம். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் நாள்தோறும் செய்யப்படும் குவளைச் சோதனையின் எளிய வடிவம் இது.

1 கிராம் படிகாரத் தூளைக் கரைத்துக் கரைசலை 100 மி.லி. ஆக்குங்கள். இதில் ஒவ்வொரு மி.லி.யிலும் 10 மி.கி. படிகாரம் இருக்கும். ஐந்து பாத்திரங்களில் தலா ஒரு லிட்டர் கலங்கிய நீர் எடுத்து, சிரிஞ்சால் முறையே 0, 1, 3, 5, 10 மி.லி. கரைசல் சேருங்கள். முதலில் ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு பத்து நிமிடம் மிக மெதுவாகவும் கலக்க வேண்டும். அரை மணி நேரம் அசையாமல் வைத்தபின், மேல்நீரை எடுத்துப் பெருக்கல் குறிச் சோதனையைச் செய்ய வேண்டும்.

வேகமாகக் கலக்குவது படிகாரத்தை நீர் முழுவதும் பரப்புவதற்கு. மெதுவாகக் கலக்குவது துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்வதற்கு. தொடர்ந்து வேகமாகக் கலக்கினால் உருவான திரள்கள் உடைந்துவிடும். படிகாரத்திலுள்ள அலுமினியம் அயனி மூன்று நேர்மின்சுமை கொண்டது. அது களிமண்ணின் எதிர்மின்சுமையை ஈடுசெய்கிறது. கூடவே உருவாகும் கூழ்போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடு துகள்களை வாரிச் சேர்த்துக்கொண்டு படிகிறது. மேல்நிலை வகுப்பில் ஹார்டி-ஷூல்ஸ் விதியை விளக்கும்போது, அதே நிறை உப்பை இன்னொரு குவளையில் போட்டு ஒப்பிடச் சொல்லலாம்.

அளவு கூடக்கூடத் தெளிவும் கூடிக்கொண்டே போகும் என்று மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள். ஓர் அளவுக்கு மேல் பயன் கூடாது. சில வேளைகளில் குறையவும் செய்யும். படிகாரம் நீரின் அமிலத்தன்மையையும் கூட்டும். ஆகவே மிகக் குறைந்த அளவில் போதிய தெளிவைத் தந்த குவளையே சரியான விடை. ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் இந்த அளவு மாறும்.

தேற்றான் கொட்டையும் முருங்கை விதையும்

தேற்று என்றால் தெளியச் செய் என்று பொருள். மரத்தின் பெயரிலேயே அதன் பயன் இருக்கிறது. இம்மரத்தின் பழைய பெயர் இல்லம். இதன் விதையால் கலங்கிய நீர் தெளியும் செய்தி கலித்தொகையில் உவமையாக வருகிறது. தமிழாசிரியருடன் சேர்ந்து நடத்த இது நல்ல வாய்ப்பு.

மண்பானையின் உட்புறத்தில் தேற்றான் கொட்டையை இழைத்து, நீர் ஊற்றி இரவு முழுவதும் வைப்பது வழக்கம். விதையிலுள்ள நீண்ட கூட்டுச்சர்க்கரை மூலக்கூறுகள் துகள்களுக்கிடையே பாலம்போல் அமைந்து அவற்றைத் திரட்டுகின்றன. முருங்கை விதையில் நேர்மின்சுமை கொண்ட புரதங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. சூடானில் நைல் நதிக்கரைப் பெண்கள் முருங்கை இன விதையால் நீரைத் தெளியவைத்து வந்திருக்கிறார்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. தேற்றானும் எட்டியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எட்டி விதை கொடிய நஞ்சு. எனவே மாணவர்களைக் காட்டிலிருந்து பொறுக்கிவரச் சொல்லாமல், நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஆசிரியரே வாங்கிவர வேண்டும். அடுத்து, விதைகளின் கரிமப் பொருள் நீரில் தங்குவதால் அந்நீரை நெடுநேரம் வைத்திருந்தால் கெட்டுவிடும்.

செயல்பாடு 3: வடிகட்டியின் எல்லை

தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகப் பிடித்து, வாயில் துணி கட்டி, கூழாங்கல், பருமணல், நுண்மணல் என்று அடுக்குங்கள். மணலை முன்பே நன்றாகக் கழுவ வேண்டும். இதே வடிகட்டியில் முதலில் வெறும் களிமண் நீரையும், பிறகு படிகாரம் சேர்த்துத் திரளவிட்ட நீரையும் ஊற்றிப் பாருங்கள். முதல் நீர் பெரிதும் கலங்கலாகவே இறங்கும். இரண்டாவது தெளிவாக இறங்கும். திரட்டுதல், படியவிடுதல், வடிகட்டுதல் என்ற வரிசை ஏன் அப்படி அமைந்தது என்பதை நாம் சொல்லாமலே மாணவர்கள் கண்டுகொள்வார்கள்.

தெளிந்துவிட்டது, குடிக்கலாமா?

பாடத்தின் மையக் கேள்வி இதுதான். செயல்பாட்டு நீரை எவரும் குடிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு இரண்டு குவளைகளில் தெளிந்த நீரை வையுங்கள். ஒன்றில் மட்டும் யாருக்கும் தெரியாமல் உப்பைக் கரைத்திருக்க வேண்டும். "வேறுபாடு தெரிகிறதா?" என்று கேளுங்கள். தெரியாது. இரண்டிலிருந்தும் சில துளிகளைத் தனித்தனிக் கரண்டியில் எடுத்து ஆசிரியரே சூடாக்கிக் காட்டினால், ஒன்றில் வெண்படிவம் தங்கும். கண்ணுக்குத் தெரியாதது இல்லாததாகிவிடாது. ஒரு மி.லி. நீரில் பல்லாயிரம் பாக்டீரியாக்கள் இருந்தாலும் அது கண்ணாடிபோல் தெளிவாகவே தோன்றும்.

1854இல் லண்டன் பிராடு தெருவில் காலரா பரவியபோது, அங்கிருந்த அடிகுழாய் நீரைச் சுவைக்காகவே விரும்பிக் குடித்தவர்கள் உண்டு. அந்த நீரே நோய்க்குக் காரணம் என்பதை ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக் காட்டினார். நாக்கும் கண்ணும் தரும் சான்று போதாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

தெளிவு தேவையில்லை என்றும் மாணவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் கலங்கல் கூடியது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற, குளோரினை எதிர்த்து நிற்கும் ஒட்டுண்ணி அந்நீருடன் வீடுகளுக்குச் சென்றது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. கலங்கல் துகள்களுக்குள் கிருமிகள் ஒளிந்துகொள்ளும். துகள்களில் உள்ள கரிமப்பொருள் குளோரினையும் தின்றுவிடும். ஆகவே முதலில் தெளியவைத்தல், அடுத்துக் கிருமி நீக்குதல். இரண்டும் வேண்டும், இந்த வரிசையிலேயே வேண்டும்.

கணக்கு ஒன்று: 5,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் சேர்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடரில் 25 விழுக்காடு குளோரின் கிடைக்குமானால் எவ்வளவு பவுடர் தேவை? தேவையான குளோரின் 10 கிராம். எனவே பவுடர் 40 கிராம். பழைய, ஈரம் பட்ட பவுடரில் குளோரின் குறைந்துபோயிருக்கும் என்பதையும் சொல்லுங்கள். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் மேல்நீரை மட்டும் தொட்டியில் சேர்த்து, குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். குழாயில் வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது தரநிர்ணயம். மாணவர்கள் கணக்கைச் செய்யட்டும்; பவுடரைத் தொடும் வேலை தொட்டி இயக்குபவருடையது.

நீச்சல்குளம்: ஒரு பயன்பாட்டு வினா

ஒரு வீட்டு நீச்சல்குளத்தின் நீளம் 8 மீ., அகலம் 4 மீ., சராசரி ஆழம் 1.5 மீ. நீர் பால்போல் மங்கியிருக்கிறது. என்ன செய்வீர்கள்?

குளத்தில் 48,000 லிட்டர் நீர் உள்ளது. லிட்டருக்கு 30 மி.கி. படிகாரம் என்றால் 1.44 கிலோ தேவை. ஆனால் படிகாரத்துக்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். வடிகட்டி அடைத்திருக்கலாம். குளோரின் குறைந்து பாசி தொடங்கியிருக்கலாம். பி.எச். உயர்ந்து சுண்ணாம்பு பிரிந்து மிதக்கலாம். நீச்சல்குளத்தில் பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருப்பது நல்லது. குளோரினின் கிருமிக்கொல்லி வடிவமான ஹைப்போகுளோரஸ் அமிலம் பி.எச். 7.5இல் ஏறத்தாழப் பாதியளவு இருக்கும், 8.5இல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே முதலில் பி.எச்.சையும் குளோரினையும் சரிசெய்து, வடிகட்டியைக் கழுவி, தொடர்ந்து ஓடவிட வேண்டும். அப்போதும் மங்கல் போகாவிட்டால் படிகாரம் இட்டு, நீரைச் சுழலவிட்டுக் கலந்தபின் எந்திரத்தை நிறுத்தி, ஓரிரவு படியவிட்டு, அடி வண்டலை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். அமிலத்தையும் குளோரின் மருந்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக்கூடாது, நச்சுவாயு வெளிப்படும்.

குவளையின் அடியில் நாம் வரைந்த பெருக்கல் குறியை இங்கே நினைவூட்டுங்கள். குளத்தில் அந்தக் குறியின் இடத்தில் இருப்பது ஆழமான பகுதியின் வடிகால் மூடி. கரையில் நின்று பார்த்து அது தெளிவாகத் தெரியாவிட்டால் யாரும் இறங்கக்கூடாது. மூழ்கிக் கிடக்கும் குழந்தை கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இந்த ஒரு விதியை ஊருணிக்கும் கல்குவாரிக் குட்டைக்கும் மாணவர்கள் தாங்களாகவே விரித்துச் சொல்ல வேண்டும்.

மதிப்பீட்டுக்கான வினாக்கள்

1. படிகாரம் போட்ட நீரை ஏன் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்குகிறோம்?
2. கலங்கிய நீரில் நேரடியாகக் குளோரின் சேர்த்தால் என்ன குறை?
3. தேற்றான் கொட்டையால் தெளியவைத்த நீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வது ஏன்?
4. உங்கள் வீட்டுக் குடிநீர் எந்தெந்த நிலைகளைக் கடந்து குடத்துக்கு வருகிறது? படம் வரைக. எந்த நிலை விடுபட்டுள்ளது?

நான்காம் வினாவை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ் ஊராட்சிகளுக்கு நீர்க் களப் பரிசோதனைப் பெட்டிகள் வழங்கப்பட்டுள்ளன. ஊராட்சியை அணுகி, பள்ளிக் குழாய் நீரில் எஞ்சிய குளோரினை மாணவர்கள் முன்னிலையில் ஒருமுறை சோதிக்கக் கேட்டுப் பாருங்கள். தொட்டியை எப்போது கழுவினார்கள், மருந்து எப்போது கலந்தார்கள் என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கினால் பாடம் குடத்தை எட்டிவிட்டது என்று பொருள்.