இறால் ஏற்றுமதியும் இரண்டு வரிகளும்

ஆரம்பாக்கம் முதல் பழவேற்காடு வரை ஏரிக்கரை ஊர்களில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களின் பற்று வரவு நோட்டில் இறால் என்ற சொல்லே இருக்காது. ஆனால் பல வீட்டுப் பாக்கி தீர்வது இறால் எடை போட்ட பிறகுதான். ஆகவே அமெரிக்கச் சுங்கத்தில் இறாலுக்கு விதிக்கப்படும் இரண்டு வரிகளைப் பற்றி நாமும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பொருள் குவிப்புத் தடுப்பு வரி. 'ஆன்ட்டி டம்பிங்' என்று ஏற்றுமதிக்காரர்கள் சொல்வது இதுவே. ஒரு சரக்கை உள்நாட்டில் 110 ரூபாய்க்கு விற்று, வெளிநாட்டுக்கு 100 ரூபாய்க்கு அனுப்பினால் வித்தியாசம் 10 ரூபாய். அதாவது ஏற்றுமதி விலையில் 10 சதவீதம். அந்த அளவுக்கு வரி விழும். உள்நாட்டு விற்பனை போதாவிட்டால் மூன்றாம் நாட்டு விலையையோ அடக்க விலையையோ எடுத்துக் கொள்வார்கள்.

இரண்டாவது, ஈடுகட்டும் வரி. இங்கே விலை கேள்வியில்லை. அரசு கொடுத்த சலுகையைக் கணக்கிட்டு, அந்த அளவுக்கு வரி போடுவார்கள். எதுவானாலும், தங்கள் நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு ஏற்பட்டது என்று அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் தீர்மானித்தால்தான் வரி நிலைக்கும்.

2003 டிசம்பர் இறுதியில் அமெரிக்கத் தென்மாநில இறால் தொழிலினர் இந்தியா, தாய்லாந்து, சீனா, வியட்நாம், ஈக்வடார், பிரேசில் ஆகிய ஆறு நாடுகள் மீது மனு கொடுத்தனர். 2005 பிப்ரவரியில் ஆணை வந்தது. தனியே ஆராயப்படாத இந்திய நிறுவனங்களுக்கு 10.17 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், அப்போதிருந்த ஒரு சட்டப்படி, வசூலான வரி மனு கொடுத்தவர்களுக்கே பங்கிடப்பட்டது! வழக்குப் போட்டவனுக்கே அபராதத் தொகை. உலக வர்த்தக அமைப்பு 2003லேயே அது தவறு என்று தீர்ப்பளித்திருந்தும், 2006ல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் சதவீதம் அல்ல, வசூலிக்கும் முறை. சரக்கு இறங்கும்போது கட்டுவது வெறும் வைப்புத் தொகை. உண்மையான வரி எவ்வளவு என்பது ஆண்டு மறு ஆய்வு முடிந்த பிறகே தெரியும். அதற்குள் அந்த இறால் விற்று, தின்று, ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கும். விகிதம் கூடினால் வித்தியாசத்தை வட்டியோடு கட்ட வேண்டும். பல சமயம் நம் ஏற்றுமதியாளரே அங்கு இறக்குமதியாளராகவும் பதிவு செய்துகொண்டு வரி கட்டுகிறார். பின்னால் எவ்வளவு கேட்பார்கள் என்று தெரியாதவர் முன்கூட்டியே கொள்முதல் விலையைக் குறைத்துப் பிடிப்பார். அது ஏஜென்ட் வழியாகப் பண்ணைக்காரருக்கும், படகுக்காரருக்கும் வந்து, கடைசியில் நம் கடை நோட்டில் பாக்கியாக நிற்கும்.

போதாக்குறைக்கு, ரொக்க வைப்புக்கு மேல் ஓராண்டு இறக்குமதிக்கான வரியளவு பிணைப் பத்திரமும் கேட்டார்கள். இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்காடியது. 2008ல் அந்தப் பிணை விதிகளுக்கு முரணானது என்று தீர்ப்பானது. முறையிட்டால் பலன் உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் தீர்ப்பு வரும்வரை பணம் முடங்கிய சிறு ஏற்றுமதியாளருக்கு யார் ஈடு கொடுப்பது?

ஈடுகட்டும் வரி முதலில் 2013ல் எட்டிப் பார்த்தது. பாதிப்பு இல்லை என்று ஆணையம் சொன்னதால் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் மனு. இம்முறை தப்பவில்லை. 2024 டிசம்பர் ஆணைப்படி, தனியே ஆராயப்படாதவர்களுக்கு 5.77 சதவீதம். இது முன்னதற்கு மேல் கூடுதல். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீதம் வரை ஏற்றப்பட்ட வரி வேறு வகை. அதை இவற்றோடு குழப்பிக் கொள்ள வேண்டாம்.

பண்ணை வெனாமியா, ஏரி இறாலா என்ற பேதம் ஆணையில் இல்லை. வெப்பநீர் இறாலை உறைய வைத்து அனுப்பினால் வரி உண்டு. உலர் இறாலுக்குக் கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆணை தொடர வேண்டுமா என்று பார்ப்பார்கள். 2005 ஆணை அப்படித்தான் நீண்டுகொண்டே வந்தது. 2024 ஆணை 2029 வாக்கில் அந்தப் பரிசீலனைக்கு வரும்.