எஞ்சின் மாற்றிய வேன் ஸ்டார்ட் ஆகவில்லையா? பம்ப் வாங்குமுன் வயரைப் பாருங்கள்

நம் பகுதியில் ஆம்னி வேன் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. பிள்ளைகளைப் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் கொண்டுவிடுவது, சந்தைக்குச் சரக்கு ஏற்றுவது என்று வீட்டு வருமானமே அந்த வண்டியில்தான் இருக்கிறது. எஞ்சின் தேய்ந்ததும், பழைய கார்புரேட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, செகண்ட் ஹேண்டில் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் வாங்கிப் பொருத்துகிறார்கள். பிறகு காலையில் பத்து முறை செல்ஃப் அடித்தாலும் வண்டி பிடிப்பதில்லை. "பம்ப் போச்சு" என்பார் மெக்கானிக். புதுப் பம்ப் போட்ட பிறகும் அதே கதை. இப்படிப்பட்ட வண்டிகளில் பல நேரம் குறை பம்பில் இல்லை, அதற்குப் போகும் வயரில் இருக்கிறது.

கார்புரேட்டர் எஞ்சினின் பம்ப் எஞ்சின் சுற்றும்போது தானும் இயங்கும். கால் கிலோ அழுத்தம் அதற்குப் போதும். எம்.பி.எஃப்.ஐ. பம்ப் டேங்குக்குள் மின்சாரத்தில் ஓடுவது. ஏறக்குறைய 3 கிலோ அழுத்தம் தர வேண்டும். சாவியை ஆன் செய்ததும் இ.சி.எம். பெட்டி, ரிலே வழியாக அதை இரண்டு மூன்று விநாடி ஓட்டி நிறுத்தும். எஞ்சின் சுற்றுவது தெரிந்தால் மறுபடி ஓட்டும். எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்திவிடும். பழைய வண்டியில் இந்த வயரிங் கிடையாது, புதிதாக இழுக்க வேண்டும். கோளாறு நுழைவது இங்கேதான்.

முதலில் காதைப் பயன்படுத்துங்கள். ஒருவர் சாவியை ஆன் செய்ய, இன்னொருவர் டேங்க் அருகில் கேட்கட்டும். அந்த இரண்டு விநாடி இரைச்சல் வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, இ.சி.எம். இணைப்பைப் பாருங்கள். இரைச்சல் வருகிறது, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காமல், சாவியை விடும் நொடியில் மட்டும் பிடிக்கிறது என்றால், ரேடியோவுக்கான வயரிலிருந்து ரிலேக்கோ இ.சி.எம்.முக்கோ கரண்ட் எடுத்திருப்பார்கள். செல்ஃப் அடிக்கும்போது அந்த வயரில் கரண்ட் நின்றுவிடும். சாவியை மூன்று நான்கு முறை ஆன்-ஆஃப் செய்த பின் உடனே பிடித்தால், இரவில் லைனில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. அப்போது பம்பின் வால்வையோ இன்ஜெக்டர் கசிவையோ சந்தேகிக்கலாம்.

அடுத்தது மல்டிமீட்டர். கனெக்டரைக் கழற்றாமல், பம்ப் ஓடும்போதே அளக்க வேண்டும். கழற்றி அளந்தால் இற்றுப்போன வயர்கூட 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். பேட்டரியில் இருப்பதைவிட பம்பில் அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. பேட்டரி நெகட்டிவுக்கும் பம்பின் எர்த் வயருக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. துருவைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையை மாட்ட மறப்பதும் நடக்கும். செல்ஃப் அடிக்கையில் ஆக்சிலரேட்டர் கேபிள் சுட்டால் அதுதான் காரணம்.

சிலர் குறுக்கு வழியாக, ரிலேயை விட்டுவிட்டு சாவியிலிருந்தே பம்புக்கு நேர் வயர் கொடுக்கிறார்கள். வண்டி உடனே ஸ்டார்ட் ஆகும், கூலியும் குறைவு. ஆனால் விபத்தில் எஞ்சின் நின்று பெட்ரோல் குழாய் அறுந்தால், சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பின் சீட்டில் இருப்பவை பெற்றோர் நம்மை நம்பி அமானத்தாக ஒப்படைத்த பிள்ளைகள். இந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிலே, 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர் மூன்றும் கட்டாயம். பழைய ரப்பர் குழாயும் 3 கிலோ அழுத்தத்தைத் தாங்காது. அதற்கென்றே உள்ள குழாயைப் போடச் சொல்லுங்கள். குழாயைக் கழற்றுமுன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

மாற்றிய எஞ்சினின் எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிந்து, இன்சூரன்ஸிலும் திருத்த வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய ரசீதைக் கேட்பார்கள். பணம் கொடுக்கும்போதே எஞ்சின் எண் எழுதிய ரசீதாக வாங்கிக்கொள்ளுங்கள்.