நீக்கும் முன் எண்ணிப் பாருங்கள்: இரட்டை வரிகளும் கணினியும்

மாணவர்களே, பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு ஒரு பெயர். சிலர் மறந்துபோய் இரண்டு முறை பதிந்துவிட்டார்கள். முப்பது பெயர்கள் என்றால் கண்ணால் பார்த்தே நீக்கிவிடலாம். மூவாயிரம் என்றால் என்ன செய்வீர்கள்?

இதற்கென்றே 'யூனிக்' என்ற கட்டளை உண்டு. யு, என், ஐ, கியூ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சு செய்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட இக்கட்டளை, இன்றும் லினக்ஸ், மேக் கணினிகளின் 'டெர்மினல்' சாளரத்தில் இயங்குகிறது.

ஒரு சிறு சோதனை. கோப்பில் இந்த ஐந்து வரிகள் உள்ளன:

மீனா
ரவி
மீனா
கோமதி
கோமதி

யூனிக் கட்டளையைக் கொடுத்தால் மூன்று பெயர்கள் வரும் என்றுதானே நினைப்பீர்கள்? வருவதோ நான்கு: மீனா, ரவி, மீனா, கோமதி. கோமதி ஒருமுறை நீங்கிவிட்டது, மீனா நீங்கவில்லை.

காரணம் எளிது. யூனிக் தன் நினைவில் வைத்திருப்பது முந்தைய வரியை மட்டுமே. புதிய வரி அதைப் போலவே இருந்தால் விட்டுவிடும்; இல்லாவிட்டால் அச்சிடும். இரண்டு மீனாக்களுக்கும் நடுவில் ரவி நிற்பதால் அது கண்டுகொள்ளவில்லை. அக்காலக் கணினிகளில் நினைவகம் மிகக் குறைவு. ஒரே ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும் என்பதால், எவ்வளவு பெரிய கோப்பையும் இம்முறையில் சரிபார்க்க முடிந்தது.

அப்படியென்றால் ஒரே மாதிரி வரிகளை முதலில் அருகருகே கொண்டுவர வேண்டும். அந்த வேலையை 'சார்ட்' கட்டளை செய்கிறது. எஸ், ஓ, ஆர், டி என்று தட்டச்சு செய்தால் அது வரிகளை அகர வரிசையில் அடுக்கும். சார்ட் தரும் விடையை யூனிக்கிடம் அனுப்ப, இரண்டுக்கும் நடுவில் | என்ற நெடுங்கோட்டை இடுங்கள். இதற்குப் 'பைப்' என்று பெயர். குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல ஒரு கட்டளையின் விடை அடுத்த கட்டளைக்குள் செல்கிறது. டக் மெக்கில்ராய் வலியுறுத்திய இந்த எண்ணத்தை, கென் தாம்சன் 1973-இல் யூனிக்ஸில் சேர்த்தார்.

இப்போது கோமதி, மீனா, ரவி என்று மூன்றே பெயர்கள் வரும். ஆனால் ஒன்றை இழந்துவிட்டோம்: யார் முதலில் பதிந்தார் என்ற வரிசை. முதல் 40 பேருக்கே இடம் என்றால் இது பெரிய இழப்பு. வரிசை கலையக் கூடாதென்றால், இதுவரை கண்ட எல்லா வரிகளையும் கணினி நினைவில் வைத்துக்கொண்டே போக வேண்டும். 1977-இல் உருவான 'ஆக்' என்ற நிரல்மொழியில் இதை ஒரே வரியில் எழுதிவிடலாம். அதற்கு விலை, கூடுதல் நினைவகம்.

இனி முக்கியமான கேள்வி. அந்த இரண்டு மீனாக்களும் ஒருவர்தானா? படிவம் 2-இல் ஒரு மீனாவும் படிவம் 4-இல் இன்னொரு மீனாவும் இருந்தால், கணினி ஒரு மாணவியின் வாய்ப்பையே அழித்துவிடும். அது எழுத்துகளை ஒப்பிடுகிறதே தவிர, ஆட்களை அறியாது. ஆகவே வரிதோறும் வகுப்பையும் மாணவர் எண்ணையும் சேர்த்துப் பதிவதே நல்லது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் கணினிக்கு அது வேறு வரிதான். தமிழில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை, ககரத்துடன் ஓகாரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்துடன் ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். யூனிக்குக்கோ அவை இரண்டு வெவ்வேறு கோமதிகள்!

எனவே மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள்:

1. நீக்கும் முன் எண்ணுங்கள். யூனிக் கட்டளையோடு ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் சிறிய 'சி' எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு வரியும் எத்தனை முறை வந்துள்ளது என்று காட்டும்.

2. 'சி'-க்குப் பதிலாக 'டி' சேர்த்தால், மீண்டும் வந்த வரிகள் மட்டும் தெரியும். அவற்றை நீங்களே பார்த்து முடிவெடுங்கள்.

3. > குறியிட்டு விடையைச் சேமிக்கும்போது புதிய கோப்புப் பெயர் கொடுங்கள். பழைய பெயரையே கொடுத்தால், சார்ட் படிக்கத் தொடங்கும் முன்பே அந்தக் கோப்பு வெறுமையாகிவிடும். பட்டியல் முழுவதும் போய்விடும்.

பயிற்சி: மேலே உள்ள ஐந்து பெயர்களைத் தட்டச்சு செய்து, ஏதேனும் ஒரு 'கோமதி'க்குப் பின் ஓர் இடைவெளி விடுங்கள். சார்ட், யூனிக் இரண்டையும் பைப்பால் இணைத்தால் எத்தனை வரிகள் வரும்? முதலில் ஊகித்து எழுதுங்கள். பிறகு கணினியில் சோதித்துப் பாருங்கள்.